என்.டி.ஆர். ஒன்பது மாதத்தில் ஆட்சியைப் பிடித்தது எப்படி?

நீங்கள் கேட்டது இரண்டே வரி: "என்.டி.ராமாராவ் கட்சி தொடங்கிய ஒன்பதே மாதத்தில் ஆந்திர முதல்வரானார் என்கிறார்கள். அது முழுக்க சினிமாப் புகழ்தானா? அப்படிப்பட்டவரைச் சொந்த மருமகனே எப்படிக் கவிழ்க்க முடிந்தது?" ஒரு நடிகரின் முகம் அரசியலில் எவ்வளவு தூரம் கூட வரும், எந்த இடத்தில் கைவிடும் என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் ஹைதராபாத்தில் இருபது வருடத்துக்கு மேல் பத்திரிகை வேலை பார்த்தவன். தெலுங்கு படிப்பேன், பேசுவேன். 1994 தேர்தலையும் அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததையும் அங்கேயே இருந்து பார்த்தேன். 1982-83 கதை மட்டும் எனக்குப் படித்தும் கேட்டும் தெரிந்தது. அன்று கூடவே சுற்றிய நிருபர்கள், பிரசாரத்தில் வேலை செய்தவர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில் சென்னையிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் நான் அவரை முதலில் பார்த்தது அங்கேதான். தி.நகர் பசுல்லா சாலையில் அவர் வீடு. எழுபதுகளில் எங்கள் தெருவுக்கும் அதற்கும் ஐந்து நிமிட நடை. காலையில் பால் வாங்கப் போகும்போது ஆந்திரா நம்பர் போட்ட பஸ்கள் வரிசையாக நிற்கும். திருப்பதியில் மொட்டை போட்டுவிட்டு நேரே சென்னைக்கு வந்தவர்கள் இறங்குவார்கள். தலையில் பூசிய சந்தனம்கூடக் காய்ந்திருக்காது. பெருமாளைப் பார்த்தாயிற்று, இனி இவரையும் பார்த்துவிட்டுத்தான் ஊருக்கு என்று வந்தவர்கள். அவர் வெளியே வந்து கைகூப்புவார், சிலர் அங்கேயே தரையில் விழுந்து கும்பிடுவார்கள். இது ஒருநாள் இரண்டு நாள் கூத்தில்லை, வருடக்கணக்கில் நடந்தது. தி.நகர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதைப் பார்த்தவர்களுக்கு "கடவுள் வேஷம் போட்டார், ஜனங்கள் கடவுளுக்கே ஓட்டுப் போட்டார்கள்" என்ற விளக்கம் சுலபமாக வாயில் வந்துவிடும். அதில் பாதி உண்மை இருக்கிறது. 1957-இல் தமிழிலும் தெலுங்கிலும் வந்த 'மாயா பஜார்' தொடங்கி பதினேழு படங்களில் அவர் கிருஷ்ணர். நம்மவர்களுக்கு 1964-இல் வந்த 'கர்ணன்' படத்துக் கிருஷ்ணர் ஞாபகம் இருப்பார். 'லவ குசா'வில் ராமர். ஆனால் தேர்தலுக்கு முந்தைய ஐந்தாறு வருடப் படங்களை எடுத்துப் பாருங்கள். 1977-க்குப் பிறகு அவரைத் தூக்கி நிறுத்திய படங்களில் அவர் வன அதிகாரி, போலீஸ் அதிகாரி, நீதிபதி, சுதந்திரப் போராட்ட வீரர். ஊழல் செய்த பெரிய மனிதர்களைக் கூண்டில் ஏற்றுகிறவர். 1982 ஜூலையில், கட்சி தொடங்கி மூன்று மாதம் கழித்து வந்த 'பொப்பிலிப் புலி' ஒரு ராணுவ மேஜரின் கதை. 1983-இல் ஓட்டுப் போட்டவர்கள் மனதில் கிருஷ்ணர் இருந்தது எவ்வளவு நிஜமோ, இந்தக் கோபக்கார மேஜர் இருந்ததும் அவ்வளவு நிஜம். கடவுள் என்பதற்காக மட்டும் ஓட்டு விழுந்திருந்தால், அதே முகம் 1989-இல் தோற்றிருக்கக் கூடாது. தோற்றது, அதுவும் மோசமாக.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1923 மே 28-இல் கிருஷ்ணா மாவட்டம் நிம்மகூருவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். விஜயவாடாவில் படித்தார். கல்லூரி நாடகம் ஒன்றில் அவருக்கு நாகம்மா என்ற பெண் வேடம். அவருடைய ஆசிரியர், பெரிய தெலுங்குக் கவிஞர் விஸ்வநாத சத்யநாராயணா, மீசையை எடுக்கச் சொல்லியும் எடுக்க மாட்டேன் என்று மீசையோடேயே நடித்தார். "மீசை நாகம்மா" என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. 1947-இல் சப்-ரிஜிஸ்திரார் வேலை கிடைத்து, மூன்று வாரத்திலேயே அதை உதறிவிட்டுச் சென்னைக்கு வந்தார். 1949-இல் முதல் படம், 1951-இல் 'பாதாள பைரவி', அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. 'நர்த்தனசாலா'வில் பிருகன்னளையாக ஆடுவதற்காக, நாற்பது வயதை நெருங்கும்போது வேம்பட்டி சின்ன சத்யத்திடம் போய் குச்சிப்புடி கற்றுக்கொண்டவர். இந்தப் பிடிவாதமும் உழைப்பும்தான் பிற்பாடு அரசியலிலும் அவருக்குக் கைகொடுத்தன. அதே பிடிவாதம்தான் கெடுக்கவும் செய்தது.

சரி, 1982-க்கு வருவோம். அன்றைய ஆந்திராவைப் புரிந்துகொள்ளாமல் அவர் வெற்றியைப் புரிந்துகொள்ள முடியாது. 1956-இல் மாநிலம் உருவானதிலிருந்து அங்கே காங்கிரஸைத் தவிர வேறு கட்சி ஆண்டதில்லை. 1977-இல் வடக்கே இந்திரா காந்தியே தோற்றபோது, ஆந்திராவின் 42 மக்களவைத் தொகுதிகளில் 41 காங்கிரஸுக்குப் போயின. அத்தனை கெட்டியான கோட்டை. அந்தக் கோட்டைக்குள்ளேயே 1978 தேர்தலுக்குப் பிறகு சென்னா ரெட்டி, அஞ்சையா, பவனம் வெங்கட்ராமி ரெட்டி, கோட்லா விஜயபாஸ்கர ரெட்டி என்று ஐந்து வருடத்துக்குள் நான்கு முதல்வர்கள் மாறினார்கள். யார் வருவார், யார் போவார் என்பதெல்லாம் டெல்லியில் முடிவாகும். 1982 பிப்ரவரியில் பேகம்பேட்டை விமான நிலையத்தில் தன்னை வரவேற்கப் பெரிய கூட்டத்தைத் திரட்டி வந்த முதல்வர் அஞ்சையாவை ராஜீவ் காந்தி எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். அதே மாதம் அஞ்சையாவின் பதவியும் போயிற்று. அஞ்சையா மேல் பெரிய பிரியம் இல்லாதவர்களுக்கும் அது சுட்டது. "நம் முதலமைச்சர்" என்ற நாற்காலிக்கே அவமானம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம், மார்ச் 29-இல், ஹைதராபாத்தில் அவருடைய தெலுங்கு தேசம் கட்சி பிறந்தது. "தெலுங்குவாரி ஆத்ம கௌரவம்", அதாவது தெலுங்கர்களின் தன்மானம், என்ற ஒரே சொல்லைத்தான் அவர் ஊர் ஊராகக் கொண்டுபோனார். இந்த முடிவுக்கு அவரைத் தூண்டியது எது என்பதில்தான் கதைகள் கலக்கின்றன. நெல்லூரில் அரசு விருந்தினர் விடுதியில் ஒரு மந்திரிக்காக இவருக்கு அறை மறுத்தார்கள், அந்தக் கோபத்தில்தான் கட்சி தொடங்கினார் என்று பலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அறுபது வயதை நெருங்கியதும் பொதுவாழ்க்கைக்கு வருவேன் என்று அதற்கு முன்பே அவர் பேசிவந்ததையும் பலர் சொல்லியிருக்கிறார்கள். 1952 ராயலசீமை பஞ்சத்துக்கும், 1977 திவிசீமை புயலுக்கும் தெருத்தெருவாகப் போய் நிதி திரட்டியவர் அவர். அந்த அனுபவம் ஒரு அறைச் சாவியைவிட முக்கியமான காரணமாக எனக்குப் படுகிறது.

பிரசாரம்தான் இந்தக் கதையின் உயிர். பழைய செவர்லே வேன் ஒன்றை மாற்றிக் கட்டி, கூரை மேல் ஏறி நின்று பேச வழி செய்து, விளக்கும் மைக்கும் பொருத்தி, 'சைதன்ய ரதம்' என்று பெயர் வைத்தார்கள். ஓட்டியவர் மகன் ஹரிகிருஷ்ணா. காக்கி உடை. சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதிலேயே. காலையில் வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, வாளித் தண்ணீரில் அங்கேயே குளிப்பார், சவரம் செய்துகொள்வார். மாலை ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன கிராமத்துக்கு வண்டி விடியற்காலை மூன்று மணிக்குப் போய்ச் சேரும். ஆரத்தித் தட்டோடு பெண்கள் அதுவரை உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை அவர் "ஆடபடுசு" என்று அழைப்பார். பிறந்த வீட்டுப் பெண், நம் வீட்டு மகள் என்ற உரிமை அந்தச் சொல்லில் இருக்கிறது. அவர்களுக்கு இவர் "அண்ணகாரு". எத்தனை கிலோமீட்டர் சுற்றினார் என்பதில் 40 ஆயிரம் என்பார்கள், 75 ஆயிரம் என்பார்கள், ஆளுக்கு ஒரு கணக்கு. எண்ணை விடுங்கள். பசுல்லா சாலையில் அவரைப் பார்க்க ஜனங்கள் பஸ் பிடித்து வந்தார்கள், 1982-இல் அவர் வண்டி எடுத்துக்கொண்டு அவர்கள் வாசலுக்குப் போனார். அந்த ஒன்பது மாதத்தில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் வேனை மட்டும் வைத்து ஆட்சி பிடிக்க முடியாது. ராமோஜி ராவின் 'ஈநாடு' நாளிதழ் அவருக்குப் பின்னால் நின்றது. வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் கையில் இருந்த காலம் அது. காலையில் கிராமத்து டீக்கடைக்கு வரும் பேப்பர்தான் எல்லாம். இரண்டாவது, கடலோர ஆந்திராவில் நிலமும் வியாபாரமும் சினிமாவும் கையில் இருந்தும் ஆட்சியில் உரிய இடம் கிடைக்கவில்லை என்று நினைத்த கம்மா சமூகம் முழுவீச்சில் இறங்கியது. மூன்றாவது, பிற்படுத்தப்பட்டவர்களுக்கும், அரசியல் வாசனையே இல்லாத படித்த இளைஞர்களுக்கும் நிறைய இடம் கொடுத்தார். டாக்டர்கள், வக்கீல்கள், ஆசிரியர்கள் வேட்பாளரானார்கள். நாதெண்ட்ல பாஸ்கர ராவ் போன்ற பழைய காங்கிரஸ்காரர்கள் கட்சி கட்டும் வேலையைப் பார்த்தார்கள். கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி என்று இவர் அறிவிக்க, காங்கிரஸ் அரசு முந்திக்கொண்டு 1 ரூபாய் 90 பைசாவுக்குக் கொடுக்கத் தொடங்கியது. அப்போதும் ஜனங்கள் இவரைத்தான் நம்பினார்கள். 1983 ஜனவரியில் 294 இடங்களில் 200-க்கு மேல் தெலுங்கு தேசத்தின் சைக்கிள் சின்னத்துக்கு. காங்கிரஸுக்கு 60.

ஆட்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ரூபாய் அரிசி வந்தது. பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிந்தன (எம்.ஜி.ஆர். 1980-இல் இங்கே செய்ததைப் போலவே). தாலுகாக்கள் போய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்கள் வந்தன, அலுவலகம் கிராமத்துக்குப் பக்கத்தில் வந்தது. திருப்பதியில் பெண்களுக்கென்று பல்கலைக்கழகம். எல்லாவற்றையும்விடப் பெரியதாக நான் நினைப்பது, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று 1985-இல் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டுக்கு அது 1989-இல்தான் வந்தது, நாடு முழுவதற்கும் 2005-இல். மேடையில் "ஆடபடுசு" என்று அழைத்ததோடு நிறுத்திக்கொள்ளவில்லை அவர். அதே ஆட்சியில்தான் 1985 ஜூலையில் காரம்சேடு கிராமத்தில் தலித்துகளை ஆதிக்கச் சாதியினர் வெட்டிக் கொன்றார்கள். ஆந்திர தலித் இயக்கம் அங்கிருந்துதான் புது வேகம் எடுத்தது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் அந்த ஆட்சியை எடைபோட வேண்டும்.

சென்னைக்காரர்கள் அவருக்குப் பட்ட ஒரு கடன் உண்டு. 1983 ஏப்ரலில் கிருஷ்ணா நீர் ஒப்பந்தம் கையெழுத்தானது. நதிக்கரையின் மூன்று மாநிலங்களும் ஆளுக்கு 5 டி.எம்.சி. தர, வழியில் சேதாரம் போக 12 டி.எம்.சி. சென்னைக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கால்வாய் போகும் வழியிலேயே வறண்ட ராயலசீமைக்கும் பாசனம் என்று திட்டத்தை விரித்து, 'தெலுங்கு கங்கை' என்று பெயர் வைத்தார். தன் ஜனங்களுக்கும் லாபம், பக்கத்து ஊருக்கும் தண்ணீர். கண்டலேறிலிருந்து தண்ணீர் நம் எல்லைக்கு வந்தது 1996 செப்டம்பரில். அதைப் பார்க்க அவர் இல்லை.

1984 ஆகஸ்ட் சம்பவம் தெரியாமல் அவர் வாழ்க்கை முழுமையாகாது. அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியிருந்தார். ஆகஸ்ட் 16-இல் ஆளுநர் ராம் லால் அவர் அரசைக் கலைத்து, பாஸ்கர ராவை முதல்வராக்கினார். பெரும்பான்மை இருக்கிறதா என்று சட்டசபையில் பார்க்கவே இல்லை. உடம்பு தேறாத அந்த மனிதர் சக்கர நாற்காலியில் டெல்லிக்குப் போய், 160-க்கும் மேற்பட்ட எம்.எல்.ஏ.க்களைக் குடியரசுத் தலைவர் முன் கொண்டுபோய் நிறுத்தினார். கர்நாடகாவில் அன்றைய முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே அந்த எம்.எல்.ஏ.க்களுக்கு இடம் கொடுத்தார். ஆளுநர் மாற்றப்பட்டு, சங்கர் தயாள் சர்மா வந்து, சரியாக ஒரு மாதம் கழித்து செப்டம்பர் 16-இல் மீண்டும் என்.டி.ஆர். முதல்வர். அந்த டிசம்பரில் நாடெங்கும் ராஜீவ் அலை அடித்தபோதும் ஆந்திராவில் 30 மக்களவை இடங்களை வென்றார். மாநிலக் கட்சி ஒன்று மக்களவையில் முதன்மை எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. என்னைக் கேட்டால் 1983 வெற்றியைவிட இது பெரிது. இந்தமுறை ஜனங்கள் காப்பாற்றியது ஒரு நட்சத்திரத்தை என்பதைவிடத் தங்கள் ஓட்டை.

பிறகு ஏன் சரிந்தது? எல்லா முடிவும் ஒரே ஆளிடம் போய் நின்றதுதான் காரணம். பதவிக்கு வந்ததுமே அரசு ஊழியர் ஓய்வு வயதை 58-லிருந்து 55-ஆகக் குறைத்து லட்சக்கணக்கான குடும்பங்களைப் பகைத்துக்கொண்டார். 1989 தொடக்கத்தில் ஒரே நாளில் மொத்த அமைச்சரவையையும் நீக்கினார். முந்தைய டிசம்பரில் விஜயவாடாவில் காப்பு சமூகத் தலைவர் வங்கவீட்டி ரங்கா கொல்லப்பட்டு, அந்தச் சமூகம் அவரைவிட்டு விலகியிருந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் கட்சிக்கு 74 இடம். அவரே கல்வகுர்த்தியில் தோற்றார், ஹிந்துபூர் மட்டும் காப்பாற்றியது. முகம் அதே முகம்தான், குரலும் அதே குரல்தான்.

இதை இன்னொரு பக்கமிருந்தும் சரிபார்க்கலாம். சிரஞ்சீவிக்குக் கூட்டத்துக்குக் குறைவில்லை. 2008 ஆகஸ்டில் திருப்பதியில் கட்சி தொடங்கி, ஒன்பது மாதத்துக்குள்ளேயே தேர்தலைச் சந்தித்தார், கிடைத்தது 18 இடம். அப்போது ராஜசேகர ரெட்டி என்ற பலமான முதல்வர் இருந்தார், 1982-இல் இருந்த வெற்றிடம் இல்லை. 2011-இல் கட்சியைக் காங்கிரஸில் கரைத்துவிட்டார். அவர் தம்பி பவன் கல்யாண் 2014-இல் தொடங்கி, 2019-இல் தானே நின்ற இரண்டு இடத்திலும் தோற்று, 2024-இல் கூட்டணியில் நின்ற 21 இடத்தையும் வென்றார். பத்து வருடம் ஆனது. நம் எம்.ஜி.ஆர். 1972-இல் கட்சி தொடங்கி 1977-இல் ஆட்சிக்கு வந்தார் என்று சொல்லும்போதும், அதற்கு முன் தி.மு.க.வில் இருந்த சுமார் இருபது வருடத்தைச் சேர்த்தே எண்ண வேண்டும். ஆகவே ஒன்பது மாதக் கணக்கை எந்த நடிகருக்கும் வாய்ப்பாடாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1985-இல் மனைவி பசவதாரகம் புற்றுநோயில் இறந்தார். 1993-இல் லட்சுமி பார்வதியை மணந்தார், பிள்ளைகளுக்கு அதில் சம்மதமில்லை. 1994 டிசம்பரில் 216 இடங்களோடு திரும்பி வந்தார். நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் சாராயத்துக்கு எதிராகப் பெண்கள் தொடங்கிய போராட்டத்தை ஏற்று மதுவிலக்கையும் கொண்டுவந்தார். எட்டே மாதத்தில் எல்லாம் போயிற்று. 1995 ஆகஸ்டில் எம்.எல்.ஏ.க்களில் பெரும்பாலோர் ஹைதராபாத் வைஸ்ராய் ஹோட்டலில் மருமகன் சந்திரபாபு நாயுடு பக்கம் சேர்ந்தார்கள். லட்சுமி பார்வதி கட்சியில் தலையிட்டது பொறுக்காமல் போனார்கள் என்பது நாயுடு தரப்பு, பதவி ஆசை காட்டி அழைத்துப்போனார்கள் என்பது எதிர்த் தரப்பு. நான் பேசிய எம்.எல்.ஏ.க்களில் இரண்டு காரணத்தையும் சொன்னவர்கள் உண்டு, ஒரே ஆளே இரண்டையும் சொன்னதும் உண்டு. எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்றுதான்: 1984-இல் அவரைக் காப்பாற்ற எம்.எல்.ஏ.க்களைக் கட்டுக்கோப்பாக வைத்திருந்ததில் நாயுடுவுக்குப் பெரும் பங்கு உண்டு. அப்போதிருந்தே கட்சியின் அன்றாட வேலை மெல்ல மெல்ல அவர் கைக்குப் போனது. மாவட்டச் செயலாளர் யார், யாருக்கு என்ன குறை என்பது மருமகனுக்குத் தெரியும், மாமனாருக்கு மேடை தெரியும்.

அந்த ஹோட்டல் வாசலுக்கு என்.டி.ஆர். நேரிலேயே போனார். வெளியே வந்து தன்னிடம் பேசச் சொன்னார். உள்ளே இருந்தவர்கள் தரப்பிலிருந்து அவர்மீது செருப்பு வீசினார்கள். செப்டம்பர் 1-இல் நாயுடு முதல்வரானார். 1996 ஜனவரி 18-இல் மாரடைப்பில் என்.டி.ஆர். இறந்தார். 1982-இல் அவரை வேனில் வைத்து ஆந்திரா முழுக்க ஓட்டிச் சென்ற மகன் ஹரிகிருஷ்ணா, 1995 ஆகஸ்டில் மைத்துனர் நாயுடு பக்கம் நின்றார்.